ஆவன செய்யப்படும்

சனிக்கிழமை பத்து மணிக்கு
கான்லன் மதுக்கடையின் பின்னறையில் உட்காருவோம்.
இந்தப் பக்கத்தில் இதற்குக் கிளினிக் என்று பெயர்.
மருந்து கிடையாது. தேநீர் உண்டு.
மழை உண்டு, மேயோவில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் மலக்கி கில்ஹூலி
கை குலுக்குவார்,
செத்துப்போன உங்கள் மாமாவின் பெயரைத்
தப்பில்லாமல் சொல்வார்.
குறிப்பெடுப்பவள் நான்.

பிரீஜ் கொன்வேக்கு வாசலில் சாக்கடை.
ஃபின்டன் ருவானுக்கு இடுப்பு அறுவைக்கு
இரண்டு வருடக் காத்திருப்பு;
உட்கார முடியாமல் நின்றபடியே சொன்னார்.
ஒரு அம்மாளுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல்.
சேவலை நாடாளுமன்றம் என்ன செய்யும் என்று
மலக்கி கேட்கவில்லை.
"எழுதிக்கொள், டெர்வ்லா."
எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பதில்கள்.
தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.
உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது.
ஆவன செய்யப்படும்.
பதினோரு வருடமாக இந்த மூன்று வாக்கியங்களைப்
பெயர் மாற்றி அனுப்புகிறேன்.
ஒன்றிலும் பொய் இல்லை.
கிடைத்தது. கொண்டு சென்றோம்.
செய்யப்படும் என்கிற சொல்லுக்குள்
செய்கிறவர் யாரும் குடியிருக்கவில்லை,
அது எங்கள் குற்றமா, இலக்கணத்தின் குற்றமா.

நவம்பரில் வீடு மாறினேன்.
இறைச்சித் தொழிற்சாலைக்குப் பின்னால், வாடகை குறைவு.
தெருமுனை விளக்கு எரியவில்லை.
இரண்டாம் நாளே நடைபாதை விளிம்பு தெரியாமல்
கணுக்கால் பிசகியது.

வீங்கிய காலை நாற்காலியில் ஏற்றி வைத்துக்கொண்டு
என் அலுவலகத்துக்கே ஒரு மனு போடலாமென்று
கோப்பைத் திறந்தேன்.
அந்தத் தெரு ஏற்கெனவே அதில் இருந்தது.

எடிவால்டோ கின்டெல்லா. பிரேசில்காரர்.
எலும்பு நீக்கும் பிரிவு, ஐந்தேகால் பேருந்து.
ஜனவரியில் ஒரு கடிதம், பிப்ரவரியில் ஒன்று.
கோடையில் எழுதவில்லை.
கோடையில் இங்கே நாலரைக்கே வெளுத்துவிடும்,
நியாயமான மனிதர்.
அக்டோபரில் மறுபடி.
மூன்றின் தலையிலும் என் முத்திரை:
பதில் அனுப்பப்பட்டது.

இரண்டாம் கடிதத்தில்
கையெழுத்துக்கும் கீழே, காகிதம் தீரப்போகும் இடத்தில்
ஒரு வரி:
கம்பத்தில் தகடு இருக்கிறது, எண் 4417.
அவ்வளவு தூரம் நான் இறங்கிப் போனதில்லை.

மாவட்ட மன்றத்துக்குத் தொலைபேசினேன்.
ஜார்லத் என்று ஒருவன், வாயில் எதையோ மென்றபடி,
"கம்பம் எண்?" என்றான்.
சொன்னேன்.
"எண் இல்லாமல் வருவதையெல்லாம்
ஒரு தட்டில் போட்டு வைத்திருக்கிறோம்" என்றான்.
எவ்வளவு பெரிய தட்டு என்று
கேட்க எனக்குத் தைரியமில்லை.

பன்னிரண்டாம் நாள் எரிந்தது.

பதில் எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள எடிவால்டோ.
அடுத்து 'தங்கள்' என்று விரல் தானாகப் போயிற்று.
அடித்தேன்.
மன்னிப்பு என்று தொடங்கினால்
மலக்கி கையெழுத்துப் போடமாட்டார்.
காகிதத்தைப் பையில் மடித்துப் போட்டுக்கொண்டு
ஐந்து மணிக்கு நானே போனேன், நொண்டியபடி.

விளக்கடியில் நாலு பேர்.
எடிவால்டோ இல்லை.
ராஸ்காமனில் வேறு வேலை கிடைத்து
மூன்று வாரமாகிறது என்றார்கள்.

குல்லாவை ஏற்றிவிட்டு ஒரு பையன்
என் கழுத்து அட்டையைப் படித்தான்.
"நீங்க அந்த ஆபீஸா?"
நிறுத்தத்துக்குக் கூரை இல்லை என்றான்.
கூரையில்லை என்பதை என் தலைமயிரும் அறிந்திருந்தது.

மடித்த காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினேன்.
"நிறுத்தத்தில் எண் இருக்கா பாரு."
புது வெளிச்சத்தில் குனிந்து துடைத்துப் பார்த்தான்.
முதல் இலக்கம் துருப்பிடித்திருக்கிறது,
மூன்றா எட்டா தெரியவில்லை என்றான்.

பேருந்து வந்துவிட்டது.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.